கொடுக்காத மாத்திரை அட்டை

சின்னத்தாயின் கண்ணுக்குத் தப்பி ஓர் ஓட்டை பனியன் அந்தக் கம்பெனி வாசலைத் தாண்டியதாகச் சரித்திரம் இல்லை. பத்தொன்பது வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள். வெள்ளைப் பலகைக்கு மேலே இரண்டு டியூப்லைட் எரியும். பீஸை எடுத்து விரிப்பாள். முன்பக்கம் ஒரு பார்வை, பின்பக்கம் ஒரு பார்வை, கழுத்து, கை, அடிமடிப்பு, கடைசியாக உள்ளே கையை விட்டு விரித்து இன்னொரு பார்வை. ஊசிமுனை ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, சாயம் ஒட்டாமல் வெளுத்த இடமோ, எதுவானாலும் அதன்மேல் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி ஓரமாகப் போட்டுவிடுவாள். "சின்னத்தாயிக்கா பாத்துட்டாங்கன்னா நான் மறுக்காப் பாக்க வேண்டியதில்லீங்க" என்று சூப்பர்வைசர் சுப்பண்ணன் வெளிநாட்டுக் கம்பெனி ஆட்களிடமே சொல்லுவார்.

அப்பேர்ப்பட்ட கண்காரி எட்டு வருஷம் தன் உடம்பில் ஓர் இடத்தைப் பார்க்காமலே இருந்தாள். பார்க்காமலே அதற்கொரு காரணத்தைக் கண்டுபிடித்தாள். காரணத்துக்கு ஒரு குற்றவாளியையும் கண்டுபிடித்து, விசாரிக்காமலே தண்டனையும் கொடுத்துவிட்டாள். தண்டனை பெற்றவர் அவள் புருஷன் காசிமாயன்.

என்ன வியாதி என்று கேட்டால் எல்லாரும் மென்று முழுங்குவார்கள். "கீழே", "அடியில", "அந்த எடத்துல" என்று சொல்லி அதற்குமேல் வாயைத் திறக்க மாட்டார்கள். முழுங்கி முழுங்கித்தான் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்தது என்பதால் நாமாவது சொல்லிவிடுவோம். பெண்குறியின் வெளித்தோலில் அரிப்பு. பகலில் வேலையோடு வேலையாகத் தாங்கிக்கொள்ளலாம், படுத்தால் தாங்க முடியாது. சொறிந்தால் தோல் வெடிக்கும். வெடித்த இடத்தில் மூத்திரம் பட்டால் உயிர் போகும்.

புருஷனும் பெண்டாட்டியும் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து எண்பத்தொன்பதில் திருப்பூருக்கு வந்தவர்கள். மழை இல்லாத மூன்று வருஷம் அவர்களை பஸ் ஏற்றிவிட்டது. அவள் செக்கிங்கில் சேர்ந்தாள், அவர் சாயப்பட்டறையில் சேர்ந்தார். ஒரே மகன் ராஜபாண்டி வளர்ந்து, சோமனூரில் பெண் எடுத்து, மாமனார் வீட்டுத் தறிக்கே போய்விட்டான். பத்து வீடு வரிசையாக நிற்கும் ஒரு காம்பவுண்டில் ஓர் அறை, அதற்கு முன்னால் ஒரு ஆள் காலை மடக்கிப் படுக்கிற அளவுக்கு ஒரு நடை, இதுதான் அவர்கள் வீடு. குறை சொல்ல எதுவும் இல்லாத குடித்தனம். காசிமாயன் குடிக்காதவர். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துவந்து, அவள் வேண்டாம் வேண்டாம் என்றாலும் தானே உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற மனுஷன்.

இரண்டாயிரத்தில் அவருக்குப் பெருந்துறைப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. சம்பளம் கூட. அங்கேயே தங்கிக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை விடியலில் போவார். அந்த வருஷம்தான் சின்னத்தாய்க்கு மாதவிடாய் தள்ளித் தள்ளி வர ஆரம்பித்தது. அரிப்பும் அந்த வருஷம்தான் ஆரம்பித்தது. சின்னதாக, கொசு கடித்த மாதிரி தொடங்கிய அரிப்பு. அவர் வந்து போன ஞாயிறுகளுக்குப் பிறகு எரிச்சல் கூடும், தோல் கீறி இரத்தம் கசியும். இதை அவள் கவனித்தாள். கவனிப்பதுதானே அவள் தொழில்.

வேப்பிலைத் தண்ணீரில் கழுவினாள். கல்லுப்பு போட்ட வெந்நீரில் கழுவினாள். பிறகு டெட்டால். எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கை யார் சொல்லிக்கொடுத்தார்களோ, அவர்களைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும். மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு களிம்பு குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போட்டாள். எங்கே அரிப்பு என்று கடைக்காரரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு நாள் அடங்கும், மூன்றாம் நாள் திரும்பும்.

கடைசியில் மெயின் ரோட்டில் கிளினிக் வைத்திருந்த ஒருவரிடம் போனாள். அவர் படித்த டாக்டரா, டாக்டரிடம் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டவரா என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. சளிக்கும் அவர்தான், காய்ச்சலுக்கும் அவர்தான். சின்னத்தாய் தலையைக் குனிந்துகொண்டு "கீழ அரிக்குது" என்றாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வீட்டுக்காரர் எங்க வேலை பாக்குறாரு?"

"பெருந்துறையில. அங்கேயே தங்கி."

"ம்." அந்த 'ம்' கொஞ்சம் நீளமாக வந்தது. "இது ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பாக்க வேண்டிய சமாச்சாரம்மா. உனக்கு ஒரு அட்டை, அவருக்கு ஒரு அட்டை. ரெண்டு பேரும் முழுங்கணும். அவரு சாப்பிடாம நீ மட்டும் சாப்பிட்டா திரும்பத் திரும்ப வந்துக்கிட்டேதான் இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். பார்க்கவில்லை, பரிசோதிக்கவில்லை, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சின்னத்தாய் இரண்டு மாத்திரை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். எதிரே நின்ற டவுன் பஸ்ஸின் முதுகில் எய்ட்ஸ் விளம்பரம் ஒட்டியிருந்தது. அதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தாள்.

தன் அட்டையைத் தின்று தீர்த்தாள். அவருடைய அட்டையைக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டுமென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவர் இல்லையென்று சத்தியம் பண்ணுவார், அல்லது ஆமாம் என்று தலையைக் குனிவார். இரண்டில் எது நடந்தாலும் அவளால் தாங்க முடியாது. அட்டையை ஒரு மஞ்சள் பையில் போட்டு டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் காசிமாயன் வந்தபோது, அவருடைய பாயும் தலையணையும் நடையில் இருந்தன. அவர் தலையணையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"என்னத்தா?"

"உள்ள எடம் பத்தல" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

மகன் போனபிறகு அந்த அறையில் இரண்டே பேர். இடம் எப்படிப் பற்றாமல் போகும்? அவர் கேட்கவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

அன்றிலிருந்து அவருக்குத் தனி டம்ளர், தனித் தட்டு, தனிச் சோப்பு. அவர் துணியைத் தன் துணியோடு சேர்க்காமல் வெந்நீரில் தனியாக ஊறப்போட்டுத் துவைத்தாள். சமைத்துப் போட்டாள், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்தாள், பேச வேண்டியதைப் பேசினாள். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் ஒரு வாரத்தில் விஷயம் வெளியே வந்து, ஒரு மாதத்தில் தீர்ந்திருக்கும். இந்த மௌனம் இருக்கிறதே, அது எட்டு வருஷம் ஓடியது.

குற்றவாளி என்று ஒருவரை முடிவு பண்ணிவிட்டால் அவர் நின்றாலும் சாட்சி, நடந்தாலும் சாட்சி. காசிமாயன் பெருந்துறை வேலையை விட்டுவிட்டு உள்ளூர்ப் பட்டறைக்கே வந்தார். 'அங்கே இருந்தவளோடு ஒத்துவரவில்லை போல' என்று நினைத்தாள். குளியலறையில் முக்கால் மணி நேரம் தேய்த்துத் தேய்த்துக் குளிக்க ஆரம்பித்தார். வரிசையில் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டுகிற அளவுக்கு நேரமாகும். பட்டறையிலிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டு வந்த ப்ளீச்சிங் பவுடரை ஒரு டப்பாவில் போட்டு, குளிக்கும்போது எடுத்துப் போவார். அவருக்கும் இருக்கிறது, அதைத்தான் மறைக்கிறார் என்று நினைத்தாள். மூன்று வருஷம் கழித்து நல்ல சம்பளம் வந்த சாய வேலையையே விட்டுவிட்டு, ஒரு மில்லில் வாட்ச்மேனாகப் போனார். உடம்புக்கு முடியவில்லை, உள்ளே அரிக்கிறது என்று அதற்கும் அர்த்தம் பண்ணிக்கொண்டாள்.

ஒரு பக்கம் அவரை வெறுத்தாள். இன்னொரு பக்கம், நடையில் முழங்காலை மடக்கிப் படுத்திருக்கும் அந்த நீள உடம்பைப் பார்க்கும்போது இரக்கமாக இருக்கும். இரக்கப்பட்டதற்காகத் தன்மேலேயே கோபம் வரும். கோபம் வந்தால் போய் டெட்டால் ஊற்றிக் கழுவுவாள்.

இரண்டாயிரத்து எட்டு ஆடி மாதத்தில், பேக்கிங் பிரிவிலிருந்து மூன்று பீஸ் திரும்பி வந்தன. மூன்றிலும் ஓட்டை. மூன்றும் சின்னத்தாய் பார்த்துத் தள்ளியவை. சுப்பண்ணன் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார். திட்ட வாய் வரவில்லை.

"ஏனுங்கக்கா, கண்ணு தெரியலீங்களா? நாளைக்கு நம்ம கம்பெனியில கேம்ப் போடறாங்க. கண் டாக்டரும் வர்றாருங்க. ஒருக்காக் காட்டிப் போடுங்க."

வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் தொழிலாளர்களுக்கு மருத்துவ முகாம் நடத்தினாயா என்று கேட்கிற காலம் அது. அதனால் வருஷத்துக்கு ஒரு தரம் டாக்டர்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள், போவார்கள். கண் டாக்டர் சின்னத்தாயின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணில் ஒன்றும் இல்லை, ராத்திரி தூங்குகிறீர்களா என்று கேட்டார். தூங்கிப் பல மாதம் ஆகிறது என்றாள். ஏன் என்று கேட்டார். அவள் பதில் சொல்லாததைப் பார்த்து, "அந்தப் பக்கம் லேடி டாக்டர் இருக்காங்க, போங்கம்மா" என்றார்.

ரிஜெக்ட் ஆன துணியை ஆணியடித்துத் தொங்கவிட்டு ஒரு மறைப்பு செய்திருந்தார்கள். உள்ளே முப்பத்தைந்து வயசு இருக்கும் ஒரு டாக்டரம்மா. கோயமுத்தூர் ரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர். படுக்க வைத்துப் பார்க்கக் கட்டில் இல்லாததால் செக்கிங் டேபிள் ஒன்றைத் தூக்கிவந்து போட்டிருந்தார்கள்.

எட்டு வருஷத்துக் கதையை சின்னத்தாய் நாலே வரியில் சொன்னாள். புருஷனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"இத்தன வருசத்துல யாராச்சும் பாத்தாங்களாம்மா?"

"இல்லீங்க."

"ஒருத்தர்கூட?"

"யாரும் பாக்கலீங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அரிப்புக்குப் பத்துக் காரணம் இருக்குதுங்கம்மா. பூஞ்சையா இருக்கலாம், சர்க்கரையா இருக்கலாம், சோப்பு ஒத்துக்காம இருக்கலாம், சொறியா இருக்கலாம், தோல் வியாதியா இருக்கலாம். பாக்காம எப்படி மருந்து குடுக்கறது? நீங்க பாக்காம பீஸ் பாஸ் பண்ணுவீங்களா? படுங்க."

அந்தப் பலகையில் அவள் எத்தனை லட்சம் துணியை விரித்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. இப்போது அதே டியூப்லைட்டுக்கு அடியில் தான் படுத்திருந்தாள். வெட்கத்தில் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். டாக்டரம்மா கையுறை போட்டு, நிதானமாகப் பார்த்தார். வலிக்கிற இடத்தைக் கேட்டுக் கேட்டுத் தொட்டார். பிறகு பையிலிருந்து ஒரு கைக்கண்ணாடியை எடுத்தார்.

"கொஞ்சம் எந்திரிச்சு உக்காந்து நீங்களே பாருங்கம்மா."

"ஐயோ, வேண்டாங்க."

"உங்க உடம்புதானுங்க. பாருங்க."

சின்னத்தாய் பார்த்தாள். ஐம்பத்திரண்டு வயசில் முதல்முறையாகப் பார்த்தாள். முதலில் கூச்சம். அடுத்த நொடியே பத்தொன்பது வருஷப் பழக்கம் வந்துவிட்டது. தோல் இரண்டு பக்கமும் ஒரே சீராக வெளுத்திருந்தது. வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாகி, சுருங்கி மினுங்கியது. நடுவில் சொறிந்த கீறல்கள். ஓரிடத்தில் மட்டும் தடிப்பு.

"ஷேடு மாறியிருக்குங்க" என்றாள் தன்னை அறியாமல். "இந்த எடம் தடிச்சிருக்கு."

"கரெக்டாச் சொன்னீங்க." டாக்டரம்மா கண்ணாடியை வாங்கி வைத்தார். "இதுக்கு லைக்கன் ஸ்க்லரோசஸ்னு பேருங்க. பேரு வாயில நுழையாட்டியும் பரவாயில்லை. உடம்புல இருக்கற எதிர்ப்புச் சக்தி தன்னோட தோலையே எதிரின்னு நெனச்சுக்கிட்டுச் சண்டை போடுது. ஏன்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாதுங்க. மாசவிடாய் நிக்கற வயசுல நெறையப் பேருக்கு வருது. பூஞ்சை இல்ல, கிருமி இல்ல. சுத்தமில்லாம வர்றதும் இல்ல. சொல்லப்போனா நீங்க டெட்டால் ஊத்தி ஊத்திப் புண்ணை அதிகமாக்கி வெச்சிருக்கீங்க."

சின்னத்தாய்க்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் இருந்தது.

"ஏங்க, இது... ஆம்பளைககிட்ட இருந்து வாரது இல்லீங்களா?"

"இல்லவே இல்லீங்க. இது ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குத் தொத்தாது. கன்னியாஸ்திரிக்கும் வரும், சின்னக் கொழந்தைக்கும் வரும்."

மறைப்புக்கு வெளியே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சின்னத்தாய் சேலையைச் சரிசெய்துகொண்டாள். கையைக் கூப்பினாள்.

டாக்டரம்மா மருந்து முறையை இரண்டு தரம் சொன்னார். வீரியமான ஒரு ஆயின்ட்மென்ட். படுக்கப் போகும்போது பட்டாணி அளவு எடுத்து, வெளுத்த இடத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவ வேண்டும். முதல் மாதம் தினமும், அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரம் இரண்டு தரம். பிறகும் கைவிட்டுவிடக் கூடாது. சோப்பு, டெட்டால், உப்புத் தண்ணீர், வேப்பிலை எல்லாம் இன்றோடு நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, சாதா வாசலின் தடவ வேண்டும். தளர்ந்த பருத்தித் துணி உடுத்த வேண்டும். சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் இரத்தம் பார்க்க வேண்டும்.

"அந்தத் தடிப்பை மட்டும் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்போணும். நூத்துல ரெண்டு மூணு பேருக்கு இது கேன்சராத் திரும்பும். பயப்படுத்தறதுக்குச் சொல்லலீங்க. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாங்க. வரும்போது இத்தன நாளாப் போட்ட மருந்து மிச்சம் இருந்தா எல்லாத்தையும் கொண்டுட்டு வாங்க."

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது காசிமாயன் நடையில் உட்கார்ந்து டூட்டிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அவர் வழக்கம்போலக் காலை மடக்கி வழிவிட்டார். எட்டு வருஷமாக இப்படித்தான் மடக்குகிறார். அவள் உள்ளே போய், அடுப்படியில் நின்று, சேலையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாசல்வரை வந்தாள். என்னவென்று தொடங்குவது? ஒன்றும் செய்யாத மனுஷனிடம் போய், ஒன்றும் செய்யவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லுவதா?

கேன்சராக இருந்தால் என்ன செய்வது என்ற பயமும் கூடவே வந்தது. அது சாவைப் பற்றிய பயம் இல்லை. சொல்லாமல் போய்விடுவோமோ என்ற பயம்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சதை எடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று மட்டும் சொன்னாள். என்ன வியாதி என்று அவர் கேட்கவில்லை. "நானும் வாரேன்" என்றார். மில்லில் லீவு சொல்லிவிட்டு, பிளாஸ்கில் டீ வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் அவளுக்கு முன்சீட்டில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தான் பின்னால் போய் நின்றுகொண்டார்.

பெண்கள் பிரிவுக்குள் ஆண்களுக்கு அனுமதி இல்லை. சின்னத்தாய் மட்டும் உள்ளே போனாள். மரத்துப்போக ஒரு ஊசி போட்டார்கள். அரிசி அளவு தோலை எடுத்து ஒரு தையல் போட்டார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு டாக்டரம்மா மஞ்சள் பையை வாங்கி மேஜைமேல் கவிழ்த்தார். பாதி பிதுக்கிய களிம்பு டியூப்கள், பவுடர் டப்பா, காலி அட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒதுக்கிக்கொண்டே வந்தவர், ஒரு மாத்திரை அட்டையில் நின்றார். வருஷக்கணக்காக மடிந்து கிடந்து ஓரம் கறுத்த அட்டை. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

"இது ஏம்மா அப்படியே இருக்குது?"

"அது அவுகளுக்குக் குடுத்ததுங்க."

"அவர் சாப்பிடலீங்களா?"

"நான் குடுக்கலீங்க."

டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி வருஷத்தைப் பார்த்தார். வெளியே பெஞ்சில் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷர், கதவு திறந்து மூடும்போதெல்லாம் தெரிந்தார்.

"அவருக்குத் தெரியுமாங்க?"

"தெரியாதுங்க."

"சொல்லிருங்கம்மா" என்றார் டாக்டரம்மா. வேறு ஒன்றும் சொல்லாமல் அந்த அட்டையை மட்டும் அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

ரிசல்ட் வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளில் ஒரு அதிசயம் நடந்தது. ஆயின்ட்மென்ட் போட்ட ஆறாம் நாள் சின்னத்தாய் விடிய விடியத் தூங்கினாள். பால்காரர் சத்தம் கேட்டு விழித்தபோது எங்கே இருக்கிறோம் என்றே ஒரு நிமிஷம் தெரியவில்லை. இத்தனை சுலபமா என்று சந்தோஷத்துக்குப் பதில் ஆத்திரம்தான் வந்தது. ஒரே ஒருத்தர் பார்த்திருந்தால் போதுமே. தானாவது பார்த்திருக்கலாமே.

பதினோராம் நாள் மறுபடி ஆஸ்பத்திரி. மறுபடி காசிமாயன், மறுபடி பிளாஸ்க். டாக்டரம்மா காகிதத்தைப் படித்துவிட்டு, கேன்சர் இல்லை என்றார். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வந்து காட்ட வேண்டும், நடுவில் ஆறாத புண்ணோ புதுத் தடிப்போ கண்ணாடியில் தெரிந்தால் உடனே வர வேண்டும் என்றார்.

"அரிப்பு அடங்கிரும், புண்ணும் ஆறிரும். ஆனா இத்தன வருசத்துல சுருங்கி ஒட்டிப்போன எடம் பழைய மாதிரி ஆகாதுங்க. இனிமேல் போகாமப் பாத்துக்கலாம். அவ்வளவுதான் நம்ம கையில இருக்குது."

மருந்துக் கவுண்டரில் ஆயின்ட்மென்ட்டும் ஒரு டப்பா வாசலினும் வாங்கிக்கொண்டு சின்னத்தாய் வெளியே வந்தாள். வராந்தாவின் கோடியில், வேப்பமர நிழல் விழும் பெஞ்சில், காசிமாயன் எழுந்து நின்றார்.

"என்னாத்தா சொன்னாக?"

"ஒண்ணுமில்ல. கெட்டது ஒண்ணுமில்லயாம்."

அவர் பொத்தென்று உட்கார்ந்தார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் சின்னத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து, இடுப்பில் செருகியிருந்த அந்த மாத்திரை அட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே, மூச்சு வாங்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அரிப்பு, கிளினிக், ரெண்டு அட்டை, பெருந்துறை, தலையணை. "நீங்க எங்கயோ போயிட்டு வந்து எனக்குச் சீக்கக் குடுத்துட்டீகன்னு நெனச்சேன். எட்டு வருசமா நெனச்சேன். பாவி நான்" என்றாள்.

காசிமாயன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

"இதுக்காத்தா" என்றார் மெதுவாக. "நான் சாய நாத்தம்னுல்ல நெனச்சேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"பெருந்துறையில வாரம் பூராம் சாயத் தொட்டியிலயேதான கெடந்தேன். கையி, காலு, நெகமெல்லாம் கருநீலம். நீ பாய வெளிய எடுத்து வச்ச அன்னிக்கு, என் மொகத்தப் பாக்காம கீழ பாத்த. என் கையத்தேன் பாக்குறன்னு நெனச்சேன். தனித் தட்டு வச்ச. என் துணியத் தனியா ஊறப்போட்ட. செரி, நாத்தம் தாங்கலன்னு தெரிஞ்சுக்கிட்டேன். ப்ளீச்சிங் போட்டுத் தேச்சாப் போகும்னு பட்டறையில சொன்னாங்கெ. தேச்சுப் பாத்தேன், நீ கூப்புடல. வேலையவே விட்டுட்டு வாட்ச்மேனாப் போனேன், அப்பவும் கூப்புடல. சாயம் ஒடம்புக்குள்ள எறங்கிருச்சு போல, இனிப் போகாதுன்னு நெனச்சேன். ஆனாலும் தேய்க்கிறத மட்டும் விடல."

சின்னத்தாய் அப்போதுதான் அவர் கைகளைப் பார்த்தாள். சாய வேலையை விட்டு ஐந்து வருஷம் ஆகிறது. அதில் சாயத்தின் சுவடே இல்லை. விரலெல்லாம் வெளுத்து, தோல் உரிந்து, கணுவுக்குக் கணு வெடித்து, வெடிப்பின் ஓரங்களில் காய்ந்த ரத்தம். இன்றைக்குக் காலையில், ஆஸ்பத்திரிக்கு அவளோடு பஸ்ஸில் வர வேண்டுமே என்று, இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்திருக்கிறார். அந்த ப்ளீச்சிங் பவுடர் டப்பா இத்தனை வருஷமும் காலியாகாமல் இருந்ததை அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

வாய்விட்டு அழுதாள். போகிறவர் வருகிறவர் பார்ப்பார்கள் என்ற நினைப்பே இல்லாமல் அழுதாள். காசிமாயன் என்ன செய்வதென்று தெரியாமல் பிளாஸ்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றினார். ஊற்றிவிட்டு, தன் கை பட்ட மூடியை அவளிடம் நீட்டலாமா என்று யோசிப்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் அதை வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தை அவரிடமே கொடுத்தாள். எட்டு வருஷமாகத் தனி டம்ளரில் குடித்த மனுஷர் அதைக் குடித்து முடிக்கிறவரை காத்திருந்தாள்.

பிறகு வாசலின் டப்பாவின் காகிதத்தைப் பிரித்தாள். விரலில் வழித்து எடுத்து, அவருடைய வலது கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்தாள். அவர் கையை உருவப் பார்த்தார்.

"ஒனக்குக் குடுத்த மருந்தாச்சேத்தா. தீந்துறப் போகுது."

"இது ரெண்டு பேருக்கும் சேத்துத்தேன்" என்றாள் சின்னத்தாய்.

உள்ளே நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். யாரோ ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டு இவர்களைத் தாண்டிப் போனாள். சின்னத்தாய் ஒவ்வொரு விரலாக விரித்து, டியூப்லைட்டுக்கு அடியில் பார்ப்பதுபோல் வெடிப்பு வெடிப்பாகப் பார்த்துத் தடவினாள். வலது கை முடிந்ததும் காசிமாயன் இடது கையைத் தானாகவே நீட்டினார்.